தலை கனக்கு

தலைவலி வந்தால் யாருக்கும் முகம் கோணிப்போகும். எனக்கு மூக்கு விடைத்து, கண் சிறுத்து, பார்க்கச் சகிக்காது. அவளுக்கு மட்டும் அப்படி ஆகாது. விளையாடி முடித்த பத்தாவது நிமிஷம் இரண்டு நெற்றிப்பொட்டும் துடிக்க ஆரம்பிக்கும். மைதானத்து ஓரத்தில் ஒரு சிமெண்ட் தண்ணீர்த்தொட்டி இருந்தது. அதில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாள். பின்னல் தோளுக்கு முன்னால் விழுந்து கிடக்கும். மாஹிம் பக்கம் சைக்கிளில் போகிற பையன்கள் அந்த இடம் வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு போவார்கள். வலியில் உட்கார்ந்திருப்பவளை இப்படியா பார்ப்பார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்கு அது வலி என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் என் மாமா பெண். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகள். என்னைவிட நாலு மாசம் மூத்தவள், அரையடி கூடுதல் உயரம். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவளுடைய பிள்ளைகள் யாராவது இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவதை நான் விரும்பவில்லை. எங்கள் டீமில் இருந்த மராட்டிப் பெண்கள் அவளை ‘லம்பி’ என்று கூப்பிட்டார்கள். நெட்டச்சி என்று அர்த்தம். நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதைச் சொன்னால் நான் குட்டை என்பதும் கூடவே வந்துவிடும்.

எண்பதுகளில் நடந்த கதை. தாராவியில் எங்களுக்கு மாடியில் ஒரே ஒரு ரூம். ஏறி வர ஏணி மாதிரி ஓர் இரும்புப் படி. கீழே இரண்டு சந்து தள்ளி அப்பாவின் கார்கானா, தோல் பெல்ட் தைக்கிற பட்டறை. நான் மைதானத்து மண்டலில், அதாவது விளையாட்டுச் சங்கத்தில், கபடி ஆடிக்கொண்டிருந்தேன். அந்த நாளில் பம்பாயில் சில பெரிய ஆபீசுகள் பெண்கள் கபடி டீம் வைத்திருந்தன. நன்றாக ஆடுகிற பெண்ணுக்கு நாற்காலி போட்ட வேலையே கிடைக்கும். எங்கள் மண்டலில் இருந்தும் வருஷத்துக்கு ஒருத்தியை எடுப்பார்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். கிடைக்காவிட்டால் அப்பாவின் கார்கானாவில் உட்கார்ந்து பெல்ட்டுக்குப் பக்கிள் அடிக்க வேண்டியதுதான்.

இது தெரிந்தும் ஊரில் இருந்த அவளை வரவழைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் அம்மாதான். “எங்கண்ணன் மக பள்ளிக்கூடத்துல சாம்பியனாம். அவளும் வந்து ஆடட்டும். ரெண்டு பேருல ஒருத்திக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தான” என்றாள். தான் பெற்ற மகளுக்குக் கிடைக்கட்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. 

மாமா கொண்டுவந்து விட்டபோதே கணக்காகச் சொல்லிவிட்டுத்தான் போனார். “ஒரு வருசம் இருக்கட்டும். வேலை கெடச்சா உங்கூடவே இருந்துக்கிடட்டும். இல்லன்னா வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அங்கன ஒரு இடம் சொல்லி வச்சிருக்கு.” மாப்பிள்ளை வீட்டைத்தான் இடம் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். அன்றைக்கு சாயங்காலமே என்னிடம் கேட்டாள்.

“ஏட்டி, மைதானம் எந்தப் பக்கம்?”

“நாளைக்குப் போலாம்.”

“இப்பமே போவோம்ட்டி. ஒரு வருசந்தான இருக்கு.”

அவளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அவளைப் பற்றிச் சொல்ல இந்த ஒன்று போதும். குழாயில் தண்ணீர் வந்தால் நாங்கள் குடத்தை இடுப்பில் வைத்து, நாலு படிக்கு ஒருமுறை நின்று ஏறுவோம். அவள் இரண்டு கையிலும் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறி, ரூமுக்குள் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் வலி வந்துவிடும். சிரித்தால்கூட அப்படித்தான். அப்பா ஒருநாள் கார்கானாவுக்கு வந்த சேட்டு மாதிரி நடந்து காட்டினார். அதற்குச் சிரித்த சிரிப்பில் அவள் ராத்திரிச் சாப்பாடே சாப்பிடவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு, அப்போதும் இடையிடையே சிரித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஒருதடவை வாஷியில் எங்களுக்கு மேட்ச். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸில் போகலாம், அரை மணி நேரத்தில் வரும் என்று நான் நின்றுவிட்டேன். அவள் ஓடினாள். அந்த ஓட்டத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு, திரும்பி எனக்குக் கையை நீட்டினாள். பஸ்ஸில் இருந்த ஆளெல்லாம் அவளைத்தான் பார்த்தார்கள். என்னை மூட்டை ஏற்றுவது போல ஏற்றினாள். செம்பூர் தாண்டுவதற்குள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துவிட்டாள். பஸ் கடல்மேல் இருக்கிற பெரிய பாலத்தில் போனபோது, “பாலம் வந்துட்டு, பாரு” என்றேன். “நீ பாத்துச் சொல்லு” என்றாள் கண்ணைத் திறக்காமல்.

“இப்படி வலிக்கும்னு தெரியும்ல, பொறவு என்னத்துக்கு ஓடுத?” என்று கேட்டேன்.

“வலி பொறவுதான வரும். ஓடும்போது இல்லைல்லா.”

இதைப் பத்து தடவையாவது அவள் வாயால் கேட்டிருப்பேன். பெருமையாகச் சொல்லமாட்டாள். கடையில் விலை சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். எனக்கு அப்படி ஓட முடியாது. எனக்கு வலியும் வராது. நான் அளந்துதான் ஓடுவேன், அளந்துதான் பிடிப்பேன். ஓரத்தில் நின்று, பாடி வருகிறவள் திரும்புகிற நேரம் பார்த்துக் கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. அதில் நான் மோசமில்லை. ஆனால் கணுக்காலைப் பிடிப்பவளைப் பார்க்க யாரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகமாட்டார்கள்.

அவள் பாடிப் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கபடியில் எதிராளி பக்கம் போகிறவள் மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று சொல்லிக்கொண்டே போய், தொட்டுவிட்டு, அதே மூச்சில் திரும்ப வேண்டும். மற்றவர்களுக்கு நடுக்கோட்டுக்கு வரும்போது சத்தம் தேய்ந்துவிடும். அவளுக்குக் கடைசிவரை ஒரே சத்தம். மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் அடியில் இருந்து ‘கபடி கபடி’ கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குவியலுக்குள் இருந்து ஒரு நீளக் கை வந்து கோட்டைத் தொடும். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த மூச்சுத்தான் அவளுடைய தலையைப் பிடித்து ஆட்டியது என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். அப்போது எங்களுக்கு அது தெரியாது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு மராட்டி அம்மாள். எல்லோரும் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவோம். மராட்டியில் தாயி என்றால் அக்கா. முதல் நாள் அவள் என் காதில், “இவுக யாருக்கு அம்மா?” என்று கேட்டாள். அவளுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. டீமில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். ஆகவே தாயி சொல்வதை அவளுக்கும், அவள் சொல்வதைத் தாயிக்கும் நான்தான் மாற்றிச் சொல்வேன்.

அந்த வேலையை நான் எந்த லட்சணத்தில் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாயி அவளைப் பற்றி ஒரு நிமிஷம் புகழ்வார். நான் அவளிடம், “பரவாயில்லையாம்” என்பேன். தாயி என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அதை ஒரு நிமிஷம் விரித்துச் சொல்வேன்.

“அம்புட்டு நேரம் பேசுனாவ, இவ்வளவுதானா?” என்று கேட்பாள்.

“மராட்டி அப்படித்தான். நீளமா இருக்கும்.”

அவள் நம்பித் தலையாட்டுவாள். நம்புகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

வீட்டில் இன்னும் மோசம். சாயங்காலம் அவள் வந்து படுத்ததும் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு அவள் தலைமாட்டில் உட்காருவாள். தைலம் தடவி, இரண்டு கட்டைவிரலாலும் நெற்றியை நீவிவிடுவாள். “என்ன பாடு படுது இந்தப் பிள்ள” என்று அப்பாவிடம் சொல்வாள். தைல வாசனை ரூம் முழுக்க இருக்கும். நான் சுவர் ஓரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு அந்தக் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா அப்படி என் நெற்றியைத் தொட்டது எனக்கு ஞாபகம் இல்லை. காய்ச்சல் வந்தால் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

“உனக்கு என்னட்டி?” என்றாள் அம்மா.

“மண்டையிடி.”

“நீ ஓடவா செஞ்ச? ஓரத்துல நின்னு காலத்தான பிடிச்ச. எந்திரிச்சு மாவ ஆட்டு.”

எழுந்து மாவாட்டினேன். அவள் நெற்றியில் தைலத்தோடு எழுந்து வந்து, “நான் தள்ளிவிடுதேன், நீ கொழவியப் பிடி” என்று உட்கார்ந்தாள். அவளிடம் போய்ப் படு என்று சொல்லிவிட்டு அம்மா என்னைத்தான் முறைத்தாள், நான்தான் அவளை எழுப்பிவிட்டேன் என்பது போல. ஒருத்தியை வெறுப்பதற்குக்கூட அவளிடம் ஏதாவது ஒரு குறை வேண்டும். அவள் அதற்கும் இடம் கொடுக்கமாட்டாள்.

உண்மையில் வலிதானா, வேஷமா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. வேஷமாக இருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சந்தேகமும் ஒருநாள் போய்விட்டது. எங்கள் டீமில் ஒரு பெண் ஆடும்போது மயங்கி விழுந்தாள். தாயி அவளை வீட்டுக்கு அனுப்பினார், அதற்குப் பிறகு சேர்க்கவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு இவள் பயந்துபோனாள். தொட்டிப் பக்கம் என்னைக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள்.

“தாயிகிட்ட எனக்கு வலிக்குன்னு சொல்லிராத. நிப்பாட்டிருவாவ. அப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாவ. என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

என் விரல் அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. கைக்குள் பிடித்த குருவி மாதிரி அது துடித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு துடிப்போடு ஒருத்தி உட்கார்ந்து பேச முடியுமா என்று இருந்தது. சத்தியம் செய்தேன். அதை நான் ஒருபோதும் மீறவில்லை. அதுதான் இந்தக் கதையில் பெரிய வேடிக்கை.

எங்களில் ஒருத்தியை எடுக்க ஓர் ஆபீசில் இருந்து சாகேப் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சஃபாரி சூட் போட்ட மனிதர். மடக்கு நாற்காலியில் குடைக்குக் கீழே உட்கார்ந்தார். மாமா சொல்லிவிட்டுப் போன வருஷம் முடிய இன்னும் இரண்டு மாசம்தான் இருந்தது.  

அன்றைக்கு அவள் ஆடியதைப் பற்றி நான் எழுதமாட்டேன். எழுதினால் புகழ வேண்டியிருக்கும். நான் மூன்று கால் பிடித்தேன், ஒன்றையும் விடவில்லை. அதை மட்டும் எழுதுகிறேன்.

ஆட்டம் முடிந்ததும் தாயி எல்லோரையும் வரிசையாக வந்து சாகேப்புக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். நாங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றோம். அவளைக் காணோம். தொட்டியில் நெற்றியை வைத்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தாயி, “லம்பி!” என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. சாகேப் புருவத்தைத் தூக்கினார். தாயி என்னைப் பார்த்து, போய்க் கூட்டிவா என்று கையைக் காட்டினார்.

போனேன். அவள் முகம் வெளுத்திருந்தது. முதல்முறையாக அது அழகாக இல்லை.

“சாகேப் கூப்பிடுதாரு. எந்திரி.”

“தலை கனக்குட்டி” என்றாள். உதடு மட்டும் அசைந்தது. “கண்ணத் தொறந்தா வாந்தி வந்துரும். அஞ்சு நிமிசத்துல வாரேன். என்னமாவது சொல்லு. வலின்னு மட்டும் சொல்லிராத.”

திரும்பி நடந்தேன். இருபது எட்டு இருக்கும். அந்த இருபது எட்டில் எவ்வளவோ சொல்ல இடம் இருந்தது. கால் பிசகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சாமி கும்பிடுகிறாள் என்று சொல்லியிருந்தால் சாகேப் சந்தோஷப்பட்டிருப்பார். பெண்கள் விஷயம் என்று தாயியின் காதில் சொல்லியிருந்தால் யாரும் அடுத்த கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். மூன்றுமே எனக்குத் தோன்றின. அதை மறைக்க விரும்பவில்லை.

“க்யா ஹுவா உஸ்கோ?” என்றார் சாகேப். அவளுக்கு என்ன?

“கமண்ட் ஹை, சாப்” என்றேன்.

கமண்ட் என்றால் இந்தியில் திமிர். நம் பாஷையில் சொன்னால் தலைக்கனம்.

தாயி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாகேப்பிடம் மளமளவென்று மராட்டியில் பேசினார். நல்ல பெண், ஊரில் இருந்து புதிதாக வந்திருக்கிறாள், பழக்கம் இல்லை என்றெல்லாம் சொன்னார். சாகேப் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். போன வருஷம் எடுத்த ஒருத்தி டீமில் எல்லோரோடும் சண்டை போட்டு மானத்தை வாங்கிவிட்டாள், இன்னொரு கமண்ட்வாலி எங்களுக்கு வேண்டாம் என்றார். பிறகு வரிசையைப் பார்த்தார். மூன்று கால் பிடித்தாளே, அந்தக் குட்டிப் பெண் யார் என்று கேட்டார். தாயி என் பெயரைச் சொன்னார். அவர் அதை எழுதிக்கொண்டார். அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தபோது நாற்காலியை மடக்கிவிட்டிருந்தார்கள்.

எனக்கு ஒரு சாக்கு தயாராக இருந்தது. பம்பாயில் பிறந்து வளர்ந்த என் தமிழைக் கேட்டால் உறவுக்காரர்கள் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். அப்போது எழுத்துக் கூட்டிக்கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியாது, எழுதப் படிக்கக் கற்றது பிறகுதான். வீட்டில் காதில் விழுவதுதான் பாடம். எங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்தால், “சோறு வச்சிருக்கு, கொட்டிக்கோ” என்பாள். கொட்டிக்கொள்வது என்றால் சாப்பிடுவது என்று நான் படித்துக்கொண்டேன். ஏழு வயதில், ஊரில் இருந்து வந்த மாமாவுக்கு இலை போட்டுவிட்டு, ரொம்ப மரியாதையாக, “மாமா, வந்து கொட்டிக்கோங்க” என்று கூப்பிட்டேன். அன்று முதல் நான் தமிழில் எந்தத் தப்புச் செய்தாலும் வீட்டில் மன்னிப்பு உண்டு.

அந்த மன்னிப்பைத்தான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எனக்குக் கிடைத்துவிட்டது என்றேன். அம்மா கீழே இறங்கிப் போனாள். சற்று நேரம் கழித்து வந்து, அவளுக்கு ஏன் இல்லை என்று கேட்டாள்.

“தலை கனக்குன்னு சொன்னாம்மா. தலைக்கனம்னா கமண்ட்தான? அப்படியே மாத்திச் சொல்லிட்டேன்.”

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்பா, “பம்பாய்ப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். தலைவலி முழுக்கப் போகாததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். வீட்டில் யாருக்கும் துளி சந்தேகம் இல்லை. எனக்குத் தமிழ் சரியாக வராதுதான். ஆனால் தலை கனப்பதற்கும் தலைக்கனத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வராமல் இல்லை.

மறுநாள் அம்மா தாயி வீட்டுக்கே போய், தனக்குத் தெரிந்த இந்தியில் நடந்ததைச் சொன்னாள். தலைவலி விஷயமும் வெளியே வந்தது. தாயி வருத்தப்பட்டார். பெயர் மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம், அதற்குள் தலையை டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வாருங்கள் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். மாற்றிச் சொல்ல நான். அன்றைக்கு ஒரு சொல் விடாமல், கூட்டாமல் சொல்ல வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். செய்த தப்புக்குப் பரிகாரம் செய்தது போல இருக்கும் என்று ஒரு நினைப்பு. டாக்டர் சின்ன வயசுக்காரர். வலி எப்போது வருகிறது என்று இந்தியில் கேட்டார். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“கேல்னே கே பாத்” என்று அவளே அவரிடம் சொன்னாள். விளையாடிய பிறகு.

எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். அதற்கும் அவளே சொன்னாள். அம்மா வாயெல்லாம் பல்லாக, “பாத்தியா, எப்பம் படிச்சா!” என்றாள். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. பத்து மாசம் மராட்டிப் பெண்களோடு ஆடியவளுக்கு இந்தி காதில் ஏறாமலா இருக்கும்? இதை நான் ஒருதடவைகூட யோசிக்கவில்லை. அவளை நான் அவ்வளவு லேசாக எடை போட்டிருந்தேன்.

படம் எடுத்து, ரத்தம் எடுத்து, மறுபடி வரச் சொல்லிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். தலைக்குள் கோளாறு ஒன்றும் இல்லை. சிலருக்கு மூச்சை அடக்கி முழு வேகத்தில் உடம்பை முறுக்கினால் இப்படி வலிக்கும். எடுத்த எடுப்பில் ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைச் சூடாக்க வேண்டும். வலி அதிகமானால் ஆடுவதற்கு முன்னால் ஒரு மாத்திரை. ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே போய்விடும். ஆடலாமா என்று அம்மா கேட்டாள். தாராளமாக என்றார். எல்லாவற்றையும் நான் ஒழுங்காகத் தமிழில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, முதல் தடவை கேட்பவள் போலக் கேட்டுக்கொண்டாள். டாக்டர் சொன்னது போலவே வலி போய்விட்டது. இந்த வயதில் நான் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் இல்லையாம். சரி, அது போகட்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் கையில் இருந்தது. அடுத்த வருஷம்தான் இல்லை. மாமா சொன்ன தேதிக்குச் சரியாக வந்து நின்றார். இன்னும் ஒரு வருஷம் விடுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். அந்த இடம் கைநழுவிவிடும் என்றார் அவர். அவள் பெட்டிக்குக் கயிறு கட்டினாள்.

அந்த இரண்டு மாசமும் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று தினமும் காத்திருந்தேன். அம்மா அவளுக்குத் தைலம் தடவும்போதெல்லாம், இப்போது வாயைத் திறப்பாள் என்று வெங்காயத்தை அப்படியே பிடித்துக்கொண்டு இருப்பேன். அவள் எப்போதும் போல இருந்தாள். என் ஆர்டர் வந்த அன்று கடைக்குப் போய் அரைக் கிலோ லட்டு வாங்கி வந்தவள் அவள்தான்.

தாதர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. அம்மா உள்ளே மாமாவோடு சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஜன்னலுக்கு உள்ளே, நான் வெளியே. இனிமேல் முடியாது என்று எனக்கு ஆகிவிட்டது. நானே கேட்டேன்.

“அன்னைக்கு நான் சாகேப்புகிட்ட என்ன சொன்னேன்னு உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அர்த்தம் தெரியுமா?”

“கமண்ட்தான? வந்த மொத மாசமே தெரியும்ட்டி.” கொஞ்சம் தயங்கினாள். “பிள்ளைங்க உன்னைப் பத்திப் பேசும்போது அடிக்கடி சொல்லுவாளுவ. என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது. மைதானத்தில் எனக்குப் பின்னால் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல? வீட்ல வந்து நான் சொன்ன பொய்க்குச் சிரிச்சியே.”

அவள் உள்ளே திரும்பி அம்மா எங்கே இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

“சொல்லணும்னுதான் வந்தேன். அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிரணும், உன் சங்காத்தமே வேண்டாம்னுதான் இருந்தேன். எனக்கு என்ன ஆத்திரம் இல்லையா? நீ கெடச்சிட்டுன்னு சொன்னேல்லா, உடனே அத்தை கீழ எறங்கிப் போனாவ. தனியா இருக்கும்போது சொல்லிருவோம்னு நானும் பின்னால போனேன். படிக்கு அடியில நின்னு சேலையை வாயில வச்சு அழுதாவட்டி. எம்பிள்ளைக்குக் கெடச்சிட்டு, எம்பிள்ளைக்குக் கெடச்சிட்டுன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு. அதப் பாத்துட்டு நான் என்னத்தச் சொல்ல?”

வண்டி ஊதியது. அம்மா அவசரமாக இறங்கி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் மகளுக்குக் கையை ஆட்டினாள். நான் ஆட்டவில்லை. அவள் ஜன்னலில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே போனாள்.

முப்பத்தைந்து வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். அந்தச் சம்பளத்தில்தான் செம்பூரில் வீடு வாங்கினேன். அம்மா கடைசிவரை என்னோடுதான் இருந்தாள். எனக்குப் பிரமோஷன் வந்தபோது அம்மா அழுகிறாளா என்று பார்த்தேன், கல்யாணத்தில் பார்த்தேன், மகன் பிறந்தபோது பார்த்தேன். ஒருதடவைகூட அவள் என் முன்னால் அப்படி அழவில்லை. எனக்காக அழுதது அந்த ஒருநாள்தான். அதையும் நான் பார்க்கவில்லை, மாமா பெண்தான் பார்த்திருக்கிறாள்.